சிப்பியிலிருந்து பிளைவுட் வரை: ஃபார்மால்டிஹைடு சேர்க்காத ஒரு பசை உருவான விதம் – நிகழ்வு ஆய்வு

இயற்கையைப் பார்த்துப் புதுப் பொருள் செய்துவிட்டோம் என்று வரும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை ஆய்வகத்து வாசலைத் தாண்டுவதில்லை. ஆய்விதழில் ஒரு கட்டுரை வரும், கூடவே அழகான நுண்ணோக்கிப் படம் ஒன்று வரும், அப்புறம் பேச்சே இருக்காது. அப்படி அடங்கிப் போகாமல் ஆலைக்குள் நுழைந்து, டன் கணக்கில் ஓடி, ஏற்கெனவே அங்கே இருந்த ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருளை வெளியேற்றிய ஒன்றைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மர அறிவியல் பேராசிரியராக இருந்த கைசாங் லி, கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் என்ற பிளைவுட் நிறுவனம், ஹெர்குலிஸ் என்ற வேதிப்பொருள் நிறுவனம் ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கிய சோயா மாவுப் பசை அது. 2007-இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது இந்த மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. கடற்கரைப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த சிப்பியைப் பார்த்துப் பிறந்த யோசனை என்றுதான் இதைப் பற்றி எங்கும் எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஆலையில் ஓடிய பசையில் சிப்பியின் முக்கியமான மூலக்கூறு ஒரு துளிகூட இல்லை. இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான்.

பழைய பசையில் என்ன கோளாறு

பிளைவுட் என்பது மெல்லிய மரத் தகடுகளை, அதாவது வெனீர்களை, ஒன்றின் இழை ஓடும் திசைக்கு அடுத்தது குறுக்காக வரும்படி அடுக்கி, நடுவே பசை தடவி, சூடான பிரஸ்ஸில் அழுத்திச் செய்வது. வீட்டுக்குள் பயன்படும் பிளைவுட்டுக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலம் முழுக்க யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசின்தான் ராஜா. விலை குறைவு, நிறம் கிடையாது, பிரஸ்ஸில் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆலைக்காரர் வேறென்ன கேட்பார்?

சிக்கல் அந்தப் பிசினின் பிணைப்பிலேயே இருக்கிறது. யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேரும் வினை திரும்பிப் போகக்கூடிய வினை. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து, ஃபார்மால்டிஹைடு மறுபடி வாயுவாகக் கிளம்பும். பலகை அலமாரியாகி வீட்டுக்குள் வந்த பிறகும், மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் அது கசிந்துகொண்டே இருக்கும். ஃபார்மால்டிஹைடின் அளவைக் குறைத்துப் பிசின் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் குறைக்கக் குறைக்க ஒட்டுவலிமையும் குறையும், இறுகவும் நேரமாகும்.

2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதிக்கு உயர்த்தியது. அடுத்த ஆண்டு கத்ரினா புயல் வந்தது. வீடிழந்தவர்களுக்கு அரசு கொடுத்த டிரெய்லர் வீடுகளில் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று புகார்கள் குவிந்தன. 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 டிரெய்லர்களில் காற்றைச் சோதித்தபோது ஃபார்மால்டிஹைடின் சராசரி சுமார் 77 பிபிபி என்று வந்தது. அதாவது நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு. மலிவான மரப் பலகைகளால் நெருக்கமாகக் கட்டிய சிறிய அறைகள் அவை. பசையின் குணம் அங்கே மூக்குக்கே தெரிந்துவிட்டது.

சிப்பி செய்யும் வேலை

ஆரிகன் கடற்கரையில் பாறைகளை அலை விடாமல் அறைகிறது. அந்தப் பாறைகளில் மஸல் என்ற கருநீலச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. லியின் கண்ணில் பட்டது இதுதான். மரப் பசை ஆய்வாளர் ஒருவருக்கு இது ஏன் உறைத்திருக்கும் என்று யூகிப்பது எளிது. மரப் பசைக்கு ஜன்ம விரோதி தண்ணீர். இந்தச் சிப்பியோ தண்ணீருக்குள் இருந்துகொண்டே, ஈரமான கல்லில், எந்தச் சூடும் இல்லாமல் ஒட்டுகிறது.

கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சிப்பி ஓட்டைத் திறந்து, நாக்கு போன்ற ஒரு தசைக்காலை வெளியே நீட்டுகிறது. கல்லை அங்குமிங்கும் தடவிப் பார்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து நுனியை அழுத்துகிறது. நுனிக்கு அடியில் ஒரு சிறு குழி இருக்கிறது. அதை மேலே இழுத்துக் குழிக்குள் அழுத்தத்தைக் குறைத்து, அந்த இடைவெளிக்குள் புரதக் கரைசலைச் சுரக்கிறது. கடல்நீர் காரத்தன்மை கொண்டது. குழிக்குள்ளோ அமிலத்தன்மை. அந்த அமிலச் சூழலில்தான் ஒட்டும் புரதம் கெட்டுப்போகாமல் கல்லின் பரப்பைப் பிடிக்கிறது. சில நிமிடங்களில் வேலை முடிந்து கால் உள்ளே போய்விடும். பின்னால் ஒரு நார் நிற்கும். அதன் முனையில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு வட்டத் தட்டு கல்லோடு ஒட்டியிருக்கும். இப்படியே இன்னொரு நார், இன்னொன்று என்று ஒரு கொத்தே உருவாகிறது.

இந்தப் புரதத்தில் டோபா என்ற, வழக்கத்துக்கு மாறான ஓர் அமினோ அமிலம் இருப்பதை ஹெர்பர்ட் வெயிட், மார்வின் டான்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் வெளியிட்டார்கள். சாதாரண டைரோசினில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைக் கூடுதலாகச் சேர்த்தால் டோபா. வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில்கள் இருக்கும் இந்த அமைப்புக்கு கேட்டகால் என்று பெயர். கல்லிலும் உலோகத்திலும் இருக்கும் அயனிகளை அது இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் பட்டால் குவினோனாக மாறி, பக்கத்தில் இருக்கும், நைட்ரஜன் கொண்ட அமீன் தொகுதிகளோடு வினைபுரிந்து வலைபோட்டு இறுகும். ஒரே தொகுதி பரப்பையும் பிடிக்கிறது, உள்ளுக்குள்ளும் இறுகுகிறது. கல்லைத் தொடும் இடத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் அமினோ அமிலங்களில் கால் பங்குக்கும் மேல் டோபாதான் என்று பின்னர் தெரிய வந்தது.

சரி, அந்தப் புரதத்தையே எடுத்துப் பசையாக்கிவிடலாமே? ஒரு கிராம் புரதம் எடுக்கச் சுமார் 10,000 சிப்பிகள் வேண்டும் என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. உயிரணு வளர்க்கும் ஆய்வகங்களுக்குத் துளித்துளியாக விற்கலாம். பிளைவுட் ஆலைக்கு அந்தக் கணக்கு கனவிலும் சரிப்படாது.

விலகி விலகிப் போன பாதை

லியின் குழு கையில் எடுத்தது சோயாப் புரதம். அமெரிக்காவில் மலைபோல் கிடைக்கிறது, எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் ஏறத்தாழ பாதி புரதம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோயாப் பசை புதிதே கிடையாது. 1920-களில் அதே அமெரிக்க வடமேற்கில் பிளைவுட் தொழில் வளர்ந்ததே காரம் கலந்த சோயாப் பசையை நம்பித்தான். தண்ணீர் பட்டால் இளகும், பூஞ்சை பிடிக்கும் என்ற இரண்டு குறைகளால் செயற்கைப் பிசின்களிடம் அது தோற்றது. ஆகவே கேள்வி மிகக் குறுகியது: சோயாப் புரதத்துக்குத் தண்ணீரைத் தாங்கும் குணத்தை எப்படிக் கொடுப்பது?

முதல் முயற்சி நேரடியானது. டோபாவின் நெருங்கிய உறவான டோபமைனைச் சோயாப் புரதத்தின் மீது வேதியியல் முறையில் ஒட்டவைத்தார்கள். 2002-இல் அந்த முடிவு வெளியானது. ஒட்டுவலிமையும் கூடியது, நீர் தாங்கும் திறனும் கூடியது. சிப்பியின் வித்தை மரத்திலும் பலிக்கும் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. ஆனால் டோபமைன் விலை என்ன, அதை ஒட்டவைக்கும் வினைக்கான செலவு என்ன என்று பார்த்தால், பிளைவுட் தொழிலில் அதற்கு இடமே இல்லை. நல்ல ஆய்வுக் கட்டுரைகள் பல இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன.

இவர்கள் நிற்கவில்லை. சிப்பியின் வேதியியலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: ஒரு பக்கம் கேட்டகால் சேர்ந்த பீனால் வகைத் தொகுதி, மறுபக்கம் அமீன். இரண்டையும் ஒரே புரதத்துக்குள் வைக்காமல் தனித்தனி மலிவுச் சரக்குகளிலிருந்து கொண்டுவந்து கலந்தால் என்ன? மரத்தின் பீனால் வகைப் பொருளும் காகித ஆலைக் கழிவுமான லிக்னினைப் பாலிஎத்திலீனிமைன் என்ற அமீன் பாலிமரோடு சேர்த்துப் பசை செய்தார்கள். சோயாப் புரதத்தில் கந்தகத் தொகுதிகளை ஏற்றிப் பார்த்தார்கள். ஒட்டத்தான் செய்தது. அமீன் பாலிமரின் விலைதான் இடித்தது.

திருப்பம் காகிதத் தொழிலிலிருந்து வந்தது. சமையலறையில் பயன்படுத்தும் காகிதத் துண்டு நனைந்தாலும் உடனே கிழியாமல் இருக்கிறதே, அதற்கு ஒரு பிசின் சேர்க்கிறார்கள். ஹெர்குலிஸ் நிறுவனத்தின் ஜெரால்டு கெய்ம் 1960-இல் காப்புரிமை பெற்ற பாலிஅமைடு-எபிகுளோரோஹைட்ரின் வகை அது. சுருக்கமாக பிஏஇ என்பார்கள். தண்ணீரில் கரையும், அமீன்களும் நேர்மின்னூட்டமும் கொண்டது. அதில் அசெட்டிடினியம் என்ற இறுக்கமான நான்கணு வளையங்கள் இருக்கின்றன. சூடு பட்டதும் வளையம் திறந்து, சோயாப் புரதத்தின் அமில, அமீன் தொகுதிகளோடு உறுதியாகப் பிணைந்துகொள்ளும். பிணைந்த பிறகு தண்ணீரால் அதை எளிதில் பிரிக்க முடியாது. ஈரத்தில் இழைகளைப் பிரியவிடாமல் காப்பதற்கென்றே பல பத்தாண்டுகள் தொழிற்சாலையில் ஓடித் தேர்ந்த சரக்கு. சோயாப் புரதத்தோடு இதைக் கலந்த முடிவு 2004-இல் வெளியானது.

இந்த இடத்தில் சிப்பி எங்கே இருக்கிறது? டோபா இல்லை, கேட்டகால் இல்லை, குவினோன் இல்லை. மிஞ்சியது ஒரு தர்க்கம் மட்டும்: பரப்போடு ஒட்டக்கூடிய புரதம் ஒன்று, அதைத் தண்ணீரால் கலைக்க முடியாதபடி வலைபோட்டு இறுக்கும் வினை ஒன்று. அந்தத் தர்க்கத்தைச் சிப்பியிடமிருந்து எடுத்துக்கொண்டு, சரக்கைச் சோயா வயலிலிருந்தும் காகித ஆலையிலிருந்தும் எடுத்தார்கள். என் கணிப்பில் இந்தத் திட்டம் பிழைத்ததற்குக் காரணமே ஒவ்வொரு படியிலும் சிப்பியை விட்டு ஓர் அடி விலகத் தயங்காததுதான். டோபாவைப் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் இன்றைக்கு இன்னும் பத்துக் கட்டுரைகள் வந்திருக்கும். பசை வந்திருக்காது.

இதை ஏமாற்று என்று சொல்பவர்களும் உண்டு. சிப்பி என்பது விளம்பரத்துக்கு வைத்த முகமூடி, உள்ளே இருப்பது பழைய காகிதப் பிசின் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. பிஏஇ-யைப் புரதத்தோடு சேர்க்கலாம் என்று ஒரு காகித வேதியியலாளருக்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் அத்தனை பத்தாண்டுகளாக அந்தச் சரக்கு அலமாரியில் இருந்தும் பிளைவுட் ஆலைக்குள் அதைக் கொண்டுவந்தது, சிப்பியின் புரதத்தில் என்ன நடக்கிறது என்று படித்துவிட்டு அதே வேலையைச் செய்யக்கூடிய மலிவுப் பொருளைத் தேடிய ஒரு குழு. தேடும் பொருளின் குணங்கள் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அலமாரியில் இருப்பது கண்ணில் படும்.

ஆலை வைத்த பரீட்சை

ஆய்வகத்தில் எடுத்த வலிமை எண்களை வைத்து ஆலையை நம்பவைக்க முடியாது. வீட்டுக்குள் பயன்படும் ஹார்டுவுட் (கடின மர) பிளைவுட்டுக்கு அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டில் மூன்று சுற்று ஊறல் சோதனை என்று ஒன்று இருக்கிறது. பலகையிலிருந்து 2 அங்குல அகலம், 5 அங்குல நீளத்துக்குத் துண்டுகள் வெட்டுவார்கள். சுமார் 24 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 4 மணி நேரம் மூழ்கவைத்து, பிறகு 50 டிகிரி அளவில் 19 மணி நேரம் உலர்த்துவார்கள். இதையே மூன்று முறை. பசைக்கோடு 2 அங்குல நீளத்துக்கு மேல் வாய் பிளந்தால் அந்தத் துண்டு தோல்வி. முதல் சுற்றில் 95 சதவீதத் துண்டுகளும், மூன்றாவது சுற்றுக்குப் பிறகு 85 சதவீதத் துண்டுகளும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

பார்க்க எளிமையான சோதனை. ஆனால் பசைக்கு இது உயிர்போகும் வேலை. மரம் நனைந்தால் இழைக்குக் குறுக்கே நன்றாக விரியும், இழையின் நீளவாக்கில் விரியவே விரியாது என்று சொல்லலாம். பிளைவுட்டில் அடுத்தடுத்த வெனீர்கள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால், ஒன்று விரிய முயலும், ஒட்டியிருக்கும் மற்றது விடாது. அந்த இழுபறி முழுவதும் நடுவில் இருக்கும் மெல்லிய பசைப் படலத்தின் மேல் விழும். உலர்த்தும்போது அதே இழுபறி எதிர்த்திசையில். பழைய சோயாப் பசையை வீழ்த்தியது இதுதான். பிஏஇ சேர்த்த சோயா இதைத் தாண்டியது.

அப்புறம் வந்தது விலை. ஆய்வகத்தில் பயன்படுத்தியது 90 சதவீதம் புரதம் கொண்ட தூய சரக்கு, ஆனால் ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. பாதிதான் புரதம், மீதியில் பெரும்பகுதி சர்க்கரையும் நார்ச்சத்தும் என்று இருக்கும் சாதாரண சோயா மாவுக்கு இறங்கினார்கள். இறங்கியும் பசை நின்றது. யூரியா-ஃபார்மால்டிஹைடோடு விலையில் போட்டிபோட முடிந்ததற்கு இந்த ஒரு முடிவு பெரிய காரணம்.

கொலம்பியா நிறுவனம் வட அமெரிக்காவில் ஹார்டுவுட் பிளைவுட் தயாரிப்பில் முன்னணியில் இருப்பது. 2005-இல் ப்யூர்பாண்ட் என்ற பெயரில் இந்தப் பசையோடு பலகைகளை இறக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டுக்குள் தன் பிளைவுட் ஆலைகளை மாற்றியது. 2006-இல் மட்டும் 4.7 கோடி பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 21,000 டன், ஃபார்மால்டிஹைடு வகைப் பசைக்குப் பதில் இது ஓடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விருதுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறது. அந்த ஆலைகளிலிருந்து வெளியேறும் ஆபத்தான காற்று மாசுகள் ஆலைக்கு ஆலை 50 முதல் 90 சதவீதம் வரை குறைந்தன என்பதும் அதே குறிப்பில் உண்டு.

சட்டத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2007-இல் கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் மரப் பலகைகளுக்குப் புது வரம்பு கொண்டுவந்தது. முடிவில் ஹார்டுவுட் பிளைவுட்டுக்கு 0.05 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 0.05 பங்கு, என்று நிலைத்தது. 2010-இல் அதை ஒட்டியே நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசை வைத்திருப்பவருக்கு அடிக்கடி செய்யும் சோதனைகளிலிருந்து தளர்வும் கிடைத்தது. பசை முந்திக்கொண்டது, சட்டம் பின்னால் வந்து அதற்குச் சந்தையை உறுதிசெய்தது. வரிசை மாறியிருந்தால் நிறுவனங்கள் ஃபார்மால்டிஹைடைக் கொஞ்சம் குறைத்த பழைய பிசினோடு சமாளித்திருக்கும் என்றே நினைக்கிறேன். பலர் இன்றும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள், அதுவும் சட்டப்படி சரிதான்.

கணக்குப் பார்த்தால்

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள் என்று இதை எவ்வளவு தூரம் சொல்லலாம்? பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு முழுவதும் போய்விட்டதா என்றால் இல்லை. மரமே இயல்பாகத் துளி அளவு வெளியிடும். அதனால்தான் ‘சேர்க்காதது’ என்கிறார்கள், ‘இல்லாதது’ என்பதில்லை. பிஏஇ-யின் மூலப்பொருள்கள் பெட்ரோலிய வழி வருபவை. அதைச் செய்யப் பயன்படும் எபிகுளோரோஹைட்ரின் சும்மா விட்டுவிடக்கூடிய பொருள் இல்லை, அதுவும் நச்சுதான். ஆபத்து வீட்டுக்காரரின் அறையிலிருந்து வேதி ஆலையின் மூடிய கலனுக்கு இடம் மாறியிருக்கிறது. கட்டுப்படுத்த எளிதான இடம் என்பதால் இது முன்னேற்றம்தான். ஆனால் ஒழிந்துவிட்டது என்று எழுதுவது பொய்.

சிப்பியிடம் கற்க வேண்டியதில் பெரிய பாடம் ஒன்று தொடப்படவே இல்லை. சிப்பி குளிர்ந்த கடல்நீரில் ஒட்டுகிறது. ஆலையின் பிரஸ் 100 டிகிரிக்கு மேல் சுடுகிறது, அந்தச் சூடு இல்லாவிட்டால் அசெட்டிடினியம் வளையம் ஆலைக்கு வேண்டிய வேகத்தில் வேலை செய்யாது. போதாக்குறைக்குச் சோயாப் பசை கெட்டியானது, தண்ணீரும் அதிகம். பிரஸ்ஸில் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேற வேண்டும். வெனீரில் ரோலரால் தடவும்போது கெட்டித்தன்மை பெரிய தொல்லை இல்லை. மரத்தூளின் மேல் மெல்லிய பனியாகத் தெளிக்க வேண்டிய பார்ட்டிகிள் போர்டுக்குப் போனால் அதுவே தடையாகிறது. பிளைவுட்டில் வென்ற பசை அந்தப் பக்கம் அதே வேகத்தில் பரவாததற்கு முக்கியக் காரணம் இது.

முத்துச்சிப்பி ஓட்டின் உள்பக்கப் பளபளப்பு அடுக்கை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அதில் ஏறத்தாழ 95 சதவீதம் சாதாரணக் கால்சியம் கார்பனேட், இடையிடையே மிக மெல்லிய புரதப் படலம். அரை மைக்ரான் கனமுள்ள தட்டுகளை அடுக்கிய அந்தக் கட்டமைப்பால் விரிசல் நேராக ஓட முடியாமல் வளைந்து வளைந்து களைத்துப்போகிறது. 2016-இல் சீனாவின் ஹெஃபேயில் ஒரு குழு, கைட்டோசான் (இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் ஒரு பாலிமர்) அடுக்குகளை முதலில் வார்த்து அதற்குள் கனிமத்தைப் படியவைத்து, உண்மையான முத்தடுக்குக்கு நெருக்கமான துண்டு ஒன்றைச் செய்து காட்டியது. கட்டமைப்பை அச்சொட்டாக நகலெடுத்த அற்புதமான வேலை. ஆனால் படிய வாரக்கணக்கில் நேரம் பிடிக்கிறது. உருவத்தில் இயற்கைக்கு மிக நெருங்கிய பொருள் ஆய்வகத்தில் காத்திருக்கிறது, உருவத்தை உதறிய பசை வீட்டு அலமாரிகளுக்குள் போய்விட்டது.

இப்போது நடக்கும் வேலைகளில் எனக்குச் சுவாரசியமாகத் தெரிவது டானின். மரப்பட்டைகளில் ஏராளமாக இருக்கும் பாலிபீனால் அது. அதன் வளையங்களில் கேட்டகாலும் அதன் நெருங்கிய உறவுகளும் இருக்கின்றன. சிப்பியின் டோபா செய்யும் வேலையை அதைவிடப் பல மடங்கு மலிவான இந்தப் பட்டைச் சாற்றைக் கொண்டு சோயாப் புரதத்தில் செய்யவைத்து, பிஏஇ-யின் அளவைக் குறைக்கவோ ஒரேயடியாக நீக்கவோ பல குழுக்கள் முயல்கின்றன. 2002-இல் விலைக்காகக் கைவிட்ட கேட்டகால் இப்படி வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. டானின் சேர்த்தால் பசைக்கோடு கருக்கும், வெளிர்நிற வெனீரில் அது தெரியலாம். பிரஸ் நேரம் கூடுகிறதா, மூன்றாவது ஊறலுக்குப் பிறகு 85 சதவீதத் துண்டுகள் நிற்கின்றனவா, கலவையின் விலை சோயா மாவையும் பிஏஇ-யையும் விடக் குறைகிறதா என்ற கேள்விகளை அதுவும் தாண்டியாக வேண்டும்.